குழாய்க்கு வாரியம் இருக்கிறது... கிணற்றுக்கு யார்?

‘‘எங்கள் கிணறு நொய்யல் ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. வெங்காயம் வைத்தால் தாள் நுனி கருகிவிடுகிறது. ஊராட்சியில் சொன்னால், ‘மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போங்கள்’ என்கிறார்கள். வாரியத்தில் கேட்டால், ‘ஆலைகள் விதிப்படிதான் நடக்கின்றன’ என்கிறார்கள். வேளாண் அலுவலகத்தில், ‘உப்பைத் தாங்கும் பயிர் போடுங்கள்’ என்கிறார்கள். நீர்வளத்துறையோ, ‘ஆறுதான் எங்களுடையது, கழிவு எங்களுடையது இல்லை’ என்கிறது. இத்தனை துறைகள் இருந்தும், கிணற்றுக்குப் பொறுப்பான துறை எது?’’

- வாசகர், காங்கேயம் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.

கிணற்றுக்கென்று முழுப் பொறுப்பேற்கும் துறை எதுவும் இல்லை என்பதுதான் நேரான பதில். கெட்ட தண்ணீருக்கான பொறுப்பு பல அலுவலகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆலையின் கழிவுக் குழாய் ஒரு துறையிடம், ஆறு இன்னொரு துறையிடம், மண் மூன்றாவது துறையிடம், குடிநீர் நான்காவது துறையிடம். விவசாயியின் கிணற்றுக்குள் இந்த நான்கும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆனால், அரசாங்கத்தில் அவை சேரும் இடம் மிகக் குறைவு. அதிகாரிகள் நல்லவர்களா, கெட்டவர்களா என்பதைவிட, அமைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்த மனுவை எந்தக் கதவில் கொடுப்பது என்பதும் புரியும்.

சட்டத்தில் கிணறு இருக்கிறது

நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. அந்தச் சட்டத்தின் அடிப்படையில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் உருவானது. ‘கிணறு எங்கள் வேலை இல்லை’ என்று சொல்ல இந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கழிவை ஆற்றிலோ, கிணற்றிலோ, நிலத்திலோ விடக் கூடாது என்று 24-ம் பிரிவு சொல்கிறது. ‘நீரோடை’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே நிலத்தடி நீரும் அடக்கம். கிணற்று நீரை மாதிரி எடுக்க 21-ம் பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? வாரியத்தின் அன்றாட வேலை கிணற்றிலிருந்து தொடங்குவதில்லை, ஆலையிலிருந்து தொடங்குகிறது. ஆலை தொடங்குவதற்கு ஓர் இசைவாணை, ஓட்டுவதற்கு இன்னோர் இசைவாணை, பிறகு புதுப்பித்தல். கோப்பு ஆலையின் பெயரில் இருக்கிறது. ஆய்வு ஆலையின் வாசலில் நடக்கிறது. கழிவுநீர் மாதிரி ஆலையின் குழாயில் எடுக்கப்படுகிறது. அளவுக்குள் இருந்தால் கோப்பு மூடப்படும். ஆற்றோரத்துக் கிணற்றின் பெயரில் வாரியத்தில் கோப்பு கிடையாது. அங்கிருந்து மனு வந்தால்தான் அதற்கு ஒரு காகிதம் உண்டாகிறது.

அளவுக்குள் இருந்தாலும் 210 கிலோ உப்பு

இதனால் என்ன நடக்கும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கழிவுநீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ், லிட்டருக்கு 2,100 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் ஆலைகளுக்கு வைத்த அளவுகோல். ஓர் ஆலை ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீரை, சரியாக இந்த அளவில், விதியை மீறாமல் ஆற்றில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் நாள்தோறும் 210 கிலோ உப்பு ஆற்றுக்குப் போகிறது. இப்படி 100 ஆலைகள் இருந்தால் ஒரு நாளைக்கு 21 டன்.

ஆண்டு முழுவதும் வெள்ளம் ஓடும் ஆறாக இருந்தால் இந்த உப்பு கலந்து, கரைந்து கடலுக்குப் போய்விடும். நொய்யல் மழைக்கு மட்டும் ஓடும் ஆறு. மழை இல்லாத மாதங்களில் அதில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க் கழிவும் ஆலைக் கழிவும்தான். அந்த நீர் மணலுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக வருகிறது.

இதையே விவசாயியின் அளவுகோலில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பாசன நீரின் மின்கடத்துத்திறன், அதாவது ஆய்வகச் சீட்டில் வரும் இ.சி, 0.75-க்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குப் பயமில்லை. 2.25-க்கு மேல் போனால் அது மிக அதிக உப்பு நீர். சாதாரணப் பாசனத்துக்கு ஆகாது. டி.டி.எஸ் 2,100 என்பது இ.சி கணக்கில் 3-க்கு மேல். அதாவது, ஆலைக் குழாயில் ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று தேர்ச்சி பெறும் நீர், வயலில் தோற்றுவிடும். இரண்டு அலுவலகங்கள் வைத்திருக்கும் இரண்டு அளவுகோல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. வாரியமும் பொய் சொல்லவில்லை, வேளாண் அலுவலரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வெங்காயம் கருகுகிறது.

நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்?

வாரியத்தில் யார் யார் இருக்கலாம் என்பதை 4-ம் பிரிவு வரையறுக்கிறது. ஒரு தலைவர். அரசு சார்பில் அதிகபட்சம் 5 அதிகாரிகள். உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து அதிகபட்சம் 5 பேர். மாநில அரசு நிறுவனங்களின் பிரதிநிதிகள் 2 பேர். முழுநேர உறுப்பினர் செயலர் ஒருவர். இவர்களுடன், விவசாயம், மீன்பிடி, தொழில், வணிகம் போன்றவற்றின் சார்பில் அதிகபட்சம் 3 பேர். எல்லோரையும் நியமிப்பது மாநில அரசு. மாநில அரசு எழுத்து மூலம் தரும் உத்தரவுகளுக்கு வாரியம் கட்டுப்பட வேண்டும் என்கிறது 18-ம் பிரிவு.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. தொழிற்சாலைகளை அழைத்து வருவதும், ஏற்றுமதியைப் பெருக்குவதும், வேலைவாய்ப்பை உருவாக்குவதும் அரசின் வேலை. அதே அரசு நியமித்த வாரியம்தான் அந்தத் தொழிற்சாலையை மூடச் சொல்ல வேண்டும். ஒரே கையில் முடுக்கியும் பிரேக்கும் இருந்தால், எதை அழுத்துவது என்பது அன்றைய நெருக்கடியைப் பொறுத்தது. ஆற்றோரத்து விவசாயியின் நெருக்கடி பெரும்பாலும் அந்த அறைக்குள் எட்டுவதில்லை.

பணத்திலும் இதே முடிச்சு இருக்கிறது. முன்பு தண்ணீர்த் தீர்வை என்று ஒன்று வசூலிக்கப்பட்டு, அதில் ஒரு பங்கு மாநில வாரியங்களுக்கு வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. இப்போது வாரியங்களின் வருமானத்தில் பெரும்பங்கு, ஆலைகள் கட்டும் இசைவாணைக் கட்டணம்தான். இசைவாணைக் கோப்பு நகர்ந்தால் வாரியத்துக்கு வருமானம். கிணற்று ஆய்வு முழுக்க முழுக்கச் செலவு. ஆள் குறைவாக இருக்கும் அலுவலகத்தில் எந்த வேலை முதலில் நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஏறத்தாழ பாதிப் பணியிடங்கள் காலியாக இருப்பது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்பு வைக்கப்பட்ட கணக்கிலேயே தெரியவந்தது.

வாரியங்களில் துறை அறிவு இல்லாதவர்களை நியமிக்கும் வழக்கம் குறித்து உச்ச நீதிமன்றமும் கவலை தெரிவித்திருக்கிறது. தகுதிகளையும் நியமன விதிகளையும் 6 மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று 2017 செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் அது உத்தரவிட்டது.

நொய்யல் தந்த பாடம்

ஒரத்துப்பாளையம் அணையின் கதையை இந்த வட்டார விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. ‘தண்ணீர் திறந்துவிடுங்கள்’ என்று கேட்பதுதான் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கம். இங்கே ‘திறக்காதீர்கள்’ என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் தொடர்ந்த வழக்கில், ஆற்றில் கழிவுநீர் விடும் சாய ஆலைகள் லிட்டருக்கு 6 பைசா அபராதம் கட்ட வேண்டும் என்றும், தாமதம் ஆக ஆக அது 8 பைசா, 10 பைசா என்று உயரும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன.

ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் 33-ஏ பிரிவின்படி வாரியத்துக்கு 1988 முதலே அதிகாரம் இருந்தது. 2011-ல் நீதிமன்றம் புதிய ஆயுதம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 23 ஆண்டுகளாக வாரியத்தின் கையில் இருந்த கத்தியைத்தான் எடுக்க வைத்தது. அதிகாரம் சட்டத்தில் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் துணிவு அமைப்பில் இருப்பது வேறு.

அந்த மூடலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலை இழந்தவர்களில் பலர், நிலம் பொய்த்ததால் பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள். வாரியம் தொடக்கத்திலேயே ஆற்றின் தாங்குசக்தியைக் கணக்கிட்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில் மட்டும் இசைவாணை கொடுத்திருந்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய நிலை வந்திருக்காது. தாமதத்தின் விலையை வயலும் கொடுத்தது, பட்டறைத் தொழிலாளியும் கொடுத்தார். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் மாறிய பிறகே ஆலைகள் படிப்படியாக மீண்டும் ஓடத் தொடங்கின.

கிணற்றிலிருந்து தொடங்கிய ஓர் அமைப்பு

வேறு மாதிரி அமைப்பு சாத்தியமா? ஒருமுறை நடந்திருக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவு குறித்த வழக்கு 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, ‘கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. அதோடு, தனி ஆணையம் ஒன்றை அமைக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதுதான் சூழலியல் இழப்பு ஆணையம். தலைமை, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி.

இந்த ஆணையத்தின் வேலை வாரியத்தின் வேலைக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. இசைவாணை கொடுப்பது அதன் வேலை இல்லை. கட்டணமும் வாங்கவில்லை. எந்த நிலம் கெட்டது, யார் பாதிக்கப்பட்டார், எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடம் வசூலிக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகள் மட்டும்தான். கோப்பு ஆலையின் பெயரில் இல்லாமல் விவசாயியின் பெயரில் தொடங்கியது. 2001-ல், வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு சுமார் 26 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அது முடிவு செய்தது. 500-க்கும் மேற்பட்ட தோல் ஆலைகளிடம் வசூலிக்க வேண்டிய தொகை அது.

அதற்கும் குறை இருந்தது. பங்கு போட்டால் ஒருவருக்குச் சராசரியாக 10,000 ரூபாய்கூட வராது. கெட்ட நிலத்தின் ஒரு போக விளைச்சலுக்குக்கூட அது ஈடாகாது. தொகையை நிர்ணயிப்பது ஆணையம், வசூலிப்பதும் கொடுப்பதும் மாவட்ட நிர்வாகம் என்று வேலை மீண்டும் இரண்டாகப் பிரிந்தது. விளைவு, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. நிலுவை இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இரண்டு ஆறுகளும் சொல்வது ஒன்றுதான். அனுமதி கொடுப்பவர், ஆய்வு செய்பவர், தண்டிப்பவர், பாதிப்பைக் கணக்கிடுபவர் எல்லோரும் ஒருவராகவே இருந்தால், கடைசி வேலை நடக்காது. அதற்காக எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பிரித்து, சேர்த்துப் பார்க்க யாரும் இல்லாமல் விட்டாலும் நடக்காது. பாதிப்பைக் கணக்கிடத் தனி அமைப்பு வேண்டும். அதன் முடிவை நிறைவேற்றும் அதிகாரமும் அதனிடமே இருக்க வேண்டும். விவசாய சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டிய சீர்திருத்தம் இதுதான்.

அதுவரை எந்தக் கதவைத் தட்டுவது?

அமைப்பு மாறும் வரை கிணறு காத்திருக்காது. இப்போது இருக்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை இவை.

1. கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பிறகு ஒருமுறையும் வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் பரிசோதித்து, சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு சீட்டு வெறும் எண். ஐந்தாண்டுச் சீட்டுகள் ஒரு வரலாறு. அக்கம் பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் பலம்.

2. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் இசைவாணைப் பதிவேடு இருக்க வேண்டும். எந்த ஆலைக்கு என்ன நிபந்தனை என்பது அதில் இருக்கும். பாதிக்கப்பட்டவர்கள் அதைப் பார்வையிடலாம் என்று 25-ம் பிரிவின் 6-ம் உட்பிரிவு சொல்கிறது. ‘ஆலை விதிப்படி நடக்கிறது’ என்ற பதில் வந்தால், எந்த விதி என்று அங்கே பார்க்கலாம்.

3. வாரியத்துக்குக் கொடுக்கும் மனுவில் ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ‘இன்ன சர்வே எண்ணில் உள்ள கிணற்றில் 21-ம் பிரிவின்படி நீர் மாதிரி எடுத்து, முடிவை எழுத்து மூலம் தர வேண்டும்’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

4. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்தான், சிதறிக் கிடக்கும் துறைகள் ஒரே அறையில் உட்காரும் இடம். அங்கே வாரியம், நீர்வளம், வேளாண்மை, வருவாய் ஆகிய துறைகளின் கூட்டு ஆய்வைக் கேட்டு, அது பதிவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக நான்கு அலுவலகம் ஏறுவதைவிட இது பலன் தரும்.

5. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை எல்லா மனுக்களுடனும் இணைப்பது நல்லது.

இன்னும் இரண்டு கேள்விகள்

‘‘ஆலைக் குழாயிலிருந்து வரும் கழிவை நானே பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தேன். அந்த முடிவு நீதிமன்றத்தில் செல்லுமா?’’

ஆலை மீது நீர் மாசு சட்டப்படி நடக்கும் வழக்கில் அதை மட்டும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். வாரிய அதிகாரி அந்த இடத்திலேயே அறிவிப்பு கொடுத்து, ஆலைத் தரப்பின் முன்னிலையில் மாதிரி எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பினால்தான் செல்லும். ஆனாலும் பாட்டில் வீண் இல்லை. எந்த நாளில், எந்த நேரத்தில் கழிவு வருகிறது என்பதைக் காட்டி அதிகாரியை வரவழைக்க அது உதவும். தேதியும் நேரமும் தெரியும்படி புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

‘‘பசுமைத் தீர்ப்பாயத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாமா?’’

முடியாது, காலக்கெடு உண்டு. மாசைத் தடுக்கக் கோரும் வழக்கை, பிரச்னை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொடர வேண்டும். இழப்பீடு, நிலச் சீரமைப்பு கோரும் வழக்குக்கு 5 ஆண்டுகள். இரண்டிலும் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். தென்னிந்தியாவுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. சூழல் சேதத்துக்கான தொகையை ஆலைகளிடமிருந்து வாரியங்களே வசூலிக்கலாம், அதற்கு முறையான விதிகள் வகுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், அது கெட்ட நீரையும் நிலத்தையும் சீர்செய்வதற்கான பணம். விவசாயியின் பயிர் இழப்புக்கான இழப்பீட்டைத் தனியாகத்தான் கோர வேண்டும். அதனால், முதல் ஆய்வுச் சீட்டில் உப்பு கூடுதலாகத் தெரிந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, மனுக்களுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தே 6 மாதத்தைக் கடத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.